காணாமல் போன ஏழு அளவுகள்

மருத்துவமனையின் தரைத்தளத்தில், சலவை அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவே ஒடுங்கிக்கொண்டு ஓர் அறை இருக்கிறது. அதுதான் தாய்ப்பால் வங்கி. பால் அதிகம் சுரக்கும் தாய்மார், தங்கள் குழந்தை குடித்தது போக மிஞ்சியதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைச் சோதித்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, சின்னச் சின்னப் புட்டிகளில் அடைத்து ஃப்ரீசரில் உறைய வைப்பார்கள். மூன்றாவது மாடியில், நாள் நிறையும் முன்பே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட குழந்தைகளுக்கு அந்தப் புட்டிகள் போகும். பன்னிரண்டு வருடமாக இந்த அறையைப் பார்த்துக்கொள்கிறவளை மருத்துவமனையே ‘பால்காரம்மா’ என்றுதான் கூப்பிடும். யாரோ கேலிக்கு வைத்த பெயர். அவள் கோபித்துக்கொள்ளாததால் நிலைத்துவிட்டது.

அன்று காலை பத்து மணிக்கு அவளுக்கு எதிரே தணிக்கை அதிகாரி நின்றுகொண்டிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை எல்லாக் கிடங்குகளையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. துருவித் துருவிப் பார்ப்பவர், ஆனால் வஞ்சகம் இல்லாதவர். விதிமுறைப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவார் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள்.

“நாலாயிரத்து முந்நூத்து இருபது இருக்கணும்மா. நாலாயிரத்து முந்நூத்துப் பதிமூணுதான் இருக்கு. ஏழு குறையுது,” என்றார் அவர்.

“எண்ணிப் பாத்தீங்களா சார்?”

“நான் எங்க எண்ணுறது? கம்ப்யூட்டரே ஓரத்துல எழுதி வச்சிருக்கு, பாருங்க.”

கணக்கு எளிதுதான். ஃப்ரீசருக்குள் ஒரு வெப்பமானி இருக்கிறது. போன மாதம் ஒன்றாம் தேதி பிறந்த நள்ளிரவிலிருந்து ஓடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே எவ்வளவு குளிர் என்று அளந்து, ஒரு சின்னக் கோப்பில் எழுதிவைக்கும். எந்த நேரத்தில் அளந்ததோ அந்த நேரம்தான் கோப்புக்குப் பெயர்: வருடம், மாதம், தேதி, மணி, நிமிடம். மணிக்கு ஆறு. நாளைக்கு நூற்று நாற்பத்து நான்கு. போன மாதத்துக்கு முப்பது நாள். பெருக்கினால் நாலாயிரத்து முந்நூற்று இருபது.

“ஏழுதானே சார்?” என்றாள் பால்காரம்மா.

“ஏழு எங்கெங்க போச்சுங்கறதுதான் விஷயம். அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னா நான் வாயே திறக்க மாட்டேன். ஏழும் ஒரே இடத்துல போயிருந்தா ஒரு மணி நேரத்துக்கு மேல இந்தப் பெட்டிக்குள்ள என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. அரை மணிக்கு மேல பதிவு இல்லன்னா மொத்தத்தையும் கொட்டணும். விதி நான் எழுதினதில்ல.”

அவர் சந்தேகப்படக் காரணமும் இருந்தது. பதினேழாம் தேதி பகலில் இந்தப் பக்கத்துக் கம்பிகளை மாற்றுகிறோம் என்று மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். ஜெனரேட்டர் உடனே ஓடியது என்று மின்பணியாளர்கள் சத்தியம் செய்தார்கள். சத்தியத்தைக் கோப்பில் சேர்க்க முடியாதே.

அதிகாரி பையிலிருந்து சிவப்பு டேப்பை எடுத்து ஃப்ரீசர் கதவின் குறுக்கே ஒட்டினார். அதன் மேல் தேதியும் நேரமும் எழுதினார். “ஒரு மணிக்கு வர்றேன். அந்த ஏழும் எங்கன்னு காட்டுங்க. முடியலன்னா நான் எழுதறத எழுதிட்டுத்தான் போகணும்.”

அவர் போனபின் பால்காரம்மா கொஞ்ச நேரம் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் இருநூற்று எண்பத்தாறு புட்டிகள். நாற்பத்தொரு தாய்மார் கொடுத்தது. அவர்களில் ஒருத்தி ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருகிறவள். மாடியில் பதினொரு குழந்தைகள். பன்னிரண்டு மணிப் பால் முன்பே உருகி மேலே போய்விட்டது. மூன்று மணிக்கு வேண்டியதை ஒன்றரைக்குள் வெளியே எடுத்தால்தான் பதமாக உருகும். பொடிப்பால் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் உள்ளங்கையில் அடங்குகிற அந்தக் குடல்கள் அதைத் தாங்குமா என்ற கேள்விக்கு மாடியில் யாரும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள்.

அவள் கணினி முன் உட்கார்ந்து கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தாள். எல்லாம் நீள நீளமான எண்கள். முப்பதாவது பெயரில் விரல் வைத்துக்கொண்டாள். அறுபதாவதில் விரல் வைத்த இடம் மறந்தது. இல்லாததைத் தேடுவதில் இதுதான் சங்கடம்: இருப்பது கண்ணில் படும், இல்லாதது எங்கே படும்?

பதினொன்றே காலுக்கு ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டாம் மாடிக் கணினிப் பிரிவுக்குப் போன் போட்டாள். அங்கே இருப்பவள் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. இந்த வெப்பமானியை வாங்கச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றவளே அவள்தான். அதற்கு முன்பு பால்காரம்மா மணிக்கொரு தடவை பார்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். “அண்ணி, அந்த நோட்டை மியூசியத்துக்குக் குடுத்துடுங்க,” என்று குடும்பமே உட்கார்ந்திருந்த கூடத்தில் நாத்தனார் சொன்னதிலிருந்து, இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு அளந்துதான் இருந்தது.

“உன் மெஷின் என் பாலைக் கீழ கொட்ட வைக்கப் போகுது. வந்து பாரு,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நான்கு நிமிடத்தில் நாத்தனார் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்த பால்காரம்மாவுக்கு ஏமாற்றம்தான். முகம் மலர்ந்துவிட்டது.

“இதுக்குன்னே ஒருத்தன் இருக்கான் அண்ணி!”

“எவன்?”

“மனுஷன் இல்ல. சின்னக் கருவி. நான் அவனை வரிசைக்காரன்னு சொல்லுவேன்.”

அவள் திறந்த கறுப்புத் திரையில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கண் சிமிட்டும் ஒரு கோடு மட்டும் இருந்தது.

“என்னடி இது, கரண்டு போன மாதிரி இருக்கு?”

“அதுதான் அழகே. இவன்கிட்ட நாலு விஷயம் சொன்னாப் போதும். எங்க ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும், ஒவ்வொரு எட்டும் எவ்வளவு தூரம் வச்சு நடக்கணும், ஒவ்வொரு நேரத்தையும் எந்த மாதிரி எழுதணும். மீதியை அவன் பாத்துப்பான்.”

அவளுடைய விரல்கள் ஓடின. ஆரம்பம்: போன மாதம் ஒன்றாம் தேதி, பூஜ்ய மணி. முடிவு: முப்பதாம் தேதி நள்ளிரவுக்கு ஒரு விநாடி முன்பு. ஓர் எட்டின் நீளம்: பத்து நிமிடம். எழுதும் விதம்: கோப்புகளுக்கு இருப்பதுபோலவே வருடம், மாதம், தேதி, மணி, நிமிடம், நடுவில் சிறு கோடுகள். ஒற்றை வரிக் கட்டளை, அவ்வளவுதான். விசையைத் தட்டினாள்.

திரையில் மழை கொட்டியது. வரிக்கு ஒரு நேரமாக, ஒன்றாம் தேதி பூஜ்யம் பூஜ்யம், பூஜ்யம் பத்து, பூஜ்யம் இருபது என்று விழுந்துகொண்டே போய், கண் கொட்டுவதற்குள் முப்பதாம் தேதி இருபத்து மூன்று ஐம்பதில் நின்றது. நின்ற பிறகு ‘முடிந்தது’ என்றுகூடச் சொல்லவில்லை. கோடு மறுபடி கண் சிமிட்டியது.

“எத்தனை வரி?” என்றாள் பால்காரம்மா, தன்னை அறியாமல் முன்னால் சாய்ந்து.

“நாலாயிரத்து முந்நூத்து இருபது. நீங்க பெருக்கினது, உங்க ஆபீசர் பெருக்கினது, இவன் எழுதினது எல்லாம் ஒண்ணு. மாசத்துக்கு முப்பதா முப்பத்தொண்ணா, லீப் வருஷமா இல்லையான்னு எல்லாம் இவனுக்கு அத்துப்படி. பிப்ரவரி முப்பதுன்னு ஒருநாள் சும்மா கேட்டுப் பாத்தேன். அப்படி ஒரு தேதி இல்லன்னு ஒரே வரியில மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டான்.”

“உங்க அண்ணன்கிட்ட ஞாயித்துக்கிழமை கேட்டா அன்னைக்கு என்ன தேதின்னே தெரியாது. இதுவாவது பரவாயில்ல.”

“எங்க அண்ணனை இழுக்கலன்னா உங்களுக்குப் பொழுது விடியாதே!”

நாத்தனாருக்கு இந்தக் கருவியின் மேல் இருந்த பிரியத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதையும் சொன்னாள். ஒரு நேரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ இரண்டு வழி உண்டு. இப்போது நிற்கும் இடத்திலிருந்து ஓர் எட்டு வைப்பது ஒன்று. அதில் ஒரு துளி பிசகினாலும் அடுத்த எட்டு அந்தப் பிசகின் மேல் விழும், பிசகு வளர்ந்துகொண்டே போகும். வரிசைக்காரன் அப்படிச் செய்வதில்லை. ஆயிரமாவது நேரம் வேண்டுமென்றால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, அங்கிருந்து ஆயிரம் எட்டு எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுத்தான் எழுதுவான். ஒவ்வொரு வரிக்கும் இப்படித்தான். அதனால் கடைசி வரியும் முதல் வரியைப் போலவே சுத்தமாக இருக்கும்.

“யாரோ முகம் தெரியாத ஆளு, இதை எல்லாம் யோசிச்சு எழுதி, எல்லாரும் எடுத்துக்கங்கன்னு விட்டிருக்கான் அண்ணி.”

“சரி தாயே, பெருமையெல்லாம் அப்புறம் பேசலாம். என் ஏழு எங்க?”

அது சுலபம் என்றாள் நாத்தனார். இருக்க வேண்டியவற்றின் பட்டியல் இதோ. இருப்பவற்றின் பட்டியல் கோப்புகளின் பெயர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட இன்னொரு கருவி இருக்கிறது. முதல் பட்டியலில் இருக்கிற, ஆனால் இரண்டாவதில் இல்லாத நேரங்களை மட்டும் அது சொல்லும். ஏழு வரி வரும். அடுத்தடுத்து வந்தால் வம்பு, சிதறி வந்தால் தப்பித்தோம்.

தட்டினாள்.

ஏழு வரி வரவில்லை. மறுபடி மழை கொட்டியது. நின்றபோது நாத்தனார் எண்ணச் சொன்னாள். திரை பதில் சொன்னது: மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது.

“என்னது?” பால்காரம்மா திரைப் பக்கம் குனிந்தாள்.

“மூவாயிரத்து எண்ணூத்து நாப்பது... காணோமாம்.”

“ஏழு காணோம்னு உன்னைக் கூப்பிட்டேன். நல்லாத் தேடிக் குடுத்தடி! இதை அந்த மனுஷன் பாத்தார்னா பாலை மட்டுமில்ல, என்னையும் சேத்துக் கொட்டிடுவார்!”

நாத்தனாரின் முகத்தில் இருந்த மலர்ச்சி வடிந்துவிட்டது. கட்டளையை மறுபடி ஓட்டினாள். அதே எண். மணி பன்னிரண்டு அடித்தது. போன் ஒலித்தது. மூன்றாம் மாடித் தலைமை நர்ஸ்.

“பால்காரம்மா, ஏதோ டேப்பு ஒட்டியிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். மூணு மணிக்கு வந்துடும்தானே? பொடிப்பாலைக் கையில எடுக்கவே எனக்குப் பயமா இருக்கு.”

“வந்துடும் சிஸ்டர்,” என்றாள் பால்காரம்மா. சொல்லிவிட்டுப் போனைப் பார்த்தாள், யாரோ வேறு ஆள் பேசியதுபோல.

நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தாள். “வரிசைக்காரன் தப்புப் பண்ண மாட்டான் அண்ணி. நான் கேட்டதைத்தான் எழுதியிருக்கான். அப்ப நான் கேட்டதுலதான் ஏதோ தப்பு.”

பால்காரம்மாவுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. தப்பைக் கருவியின் தலையில் கட்டாமல் தன் பக்கம் தேடுகிறாளே. “மேல போ. முதல்ல காணாமப் போனது எது?”

நாத்தனார் உருட்டினாள். “ஒண்ணாம் தேதி, காலைல பத்து மணி.”

“அதுக்கு முன்ன எல்லாம் இருக்கா?”

“இருக்கு. மொத பத்து மணி நேரம் ஒண்ணுகூடக் குறையல. அப்புறம் பத்து மணி, பத்து பத்து, பத்து இருபது, வரிசையா எல்லாமே காணோம்.”

“அந்த நேரத்துல நான் இங்கதான் இருந்தேன். மெஷின்ல பச்சை விளக்கு எரிஞ்சிட்டிருந்துச்சு. ஃபைலைத் திற பாப்போம்.”

கோப்புகளின் பெயர்களைத் திறந்து அந்த இடத்துக்குப் போனார்கள். ஒன்பது ஐம்பது இருந்தது. அதற்கு அடுத்து இருந்த பெயர் பத்து பூஜ்யம் பூஜ்யம் அல்ல. பத்து பூஜ்யம் ஒன்று. அதற்கடுத்து பத்து பதினொன்று. பத்து இருபத்தொன்று.

“ஒரு நிமிஷம் தள்ளிப் போயிருக்கு,” என்றாள் நாத்தனார் மெதுவாக. உருட்டிக்கொண்டே போனாள். அன்றிரவு எட்டு மணி வரை எல்லாம் ஒன்றில் முடிந்தன. எட்டு மணிக்குப் பிறகு இரண்டில். மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிறகு மூன்றில்.

பால்காரம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “இது புது நர்ஸ் பண்ற தப்புடி!”

“என்ன அண்ணி?”

“மாடில மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் குடுக்கணும். புதுசா வர்ற பொண்ணுங்க என்ன பண்ணும் தெரியுமா? குழந்தை குடிச்சு முடிச்சதுலேருந்து மூணு மணி நேரம் எண்ணும். குடிக்கவே அரை மணி ஆகும். ஆறு மணிக்கு ஆரம்பிச்சா ஆறரைக்கு முடியும், அடுத்தது ஒன்பதுக்குப் பதிலா ஒன்பதரை. அதுக்கடுத்தது ஒரு மணி. இப்படியே தள்ளித் தள்ளி, நாள் முடியறப்ப எட்டு வேளைல ஒரு வேளை காணாமப் போயிருக்கும். யாரும் எந்த வேளையையும் தவற விட்டிருக்க மாட்டாங்க. ஆனா எண்ணினா ஒண்ணு குறையும். ஆரம்பிச்சதுலேருந்து எண்ணுங்கம்மான்னு சிஸ்டர் தொண்டைத்தண்ணி வத்தக் கத்துவாங்க. உன் மெஷினும் குடிச்சு முடிச்சதுலேருந்துதான் எண்ணுது!”

நாத்தனார் அண்ணியை ஒரு கணம் வாயைத் திறந்தபடி பார்த்தாள். பிறகு வெப்பமானியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். அங்கே எழுதியிருந்தது: அளக்க ஒரு விநாடி, அளந்து எழுதிய பின் பத்து நிமிடம் உறக்கம்.

“ஒரு விநாடி,” என்றாள் அவள். “ஒரு தடவைக்கு ஒரு விநாடி. அறுபது தடவைக்கு ஒரு நிமிஷம். அறுபது தடவைன்னா பத்து மணி நேரம். அதான் பத்து மணி நேரத்துக்கு ஒருக்க ஒரு நிமிஷம் நகருது!”

“அப்ப ஏழு?”

“அறுநூறு தடவைக்குப் பத்து நிமிஷம் நகர்ந்துடும். அதாவது நூறு மணி நேரத்துக்கு ஒரு அளவு குறையும். மாசத்துக்கு எழுநூத்து இருபது மணி நேரம் அண்ணி. ஏழு நூறு. ஏழு அளவு!”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் பால்காரம்மா பன்னிரண்டு வருடம் இந்த அறையைக் காத்தவள். லேசில் குளிர்ந்துபோக மாட்டாள். “இது நம்ம ஊகம்தானே? பதினேழாம் தேதி உண்மையாவே நின்னிருந்தா?”

“அதையும் வரிசைக்காரன்கிட்டயே கேக்கலாம்.”

நாத்தனார் பழைய கட்டளையை எடுத்தாள். ஆரம்பத்தைத் தொடவில்லை, முடிவைத் தொடவில்லை, எழுதும் விதத்தைத் தொடவில்லை. எட்டின் நீளத்தை மட்டும் மாற்றினாள். பத்து நிமிடம் என்றிருந்த இடத்தில் அறுநூற்றொரு விநாடி. அதைத் தட்டச்சு செய்ய எடுத்த நேரம் அவள் வாழ்க்கையில் மிக நீளமானது என்று பின்னர் சொல்லிக்கொண்டிருந்தாள். வரிகள் கொட்டி நின்றன.

“எத்தனை?”

“நாலாயிரத்து முந்நூத்து... பதிமூணு.”

பால்காரம்மாவின் கையில் மயிர்க்கூச்செறிந்தது. இந்தக் கருவி அந்த ஃப்ரீசரைப் பார்த்ததில்லை. கோப்புகளைத் திறந்ததில்லை. எங்கே புறப்பட்டு எங்கே நிற்க வேண்டும், ஓர் எட்டு எவ்வளவு என்பதை மட்டும் வாங்கிக்கொண்டு, முப்பது நாள் இந்த அறையில் நடந்ததைக் கணக்காகச் சொல்லிவிட்டது. கடைசி வரி முப்பதாம் தேதி இருபத்து மூன்று ஐம்பத்தொன்று. கடைசிக் கோப்பின் பெயரும் அதுவே.

இப்போது ஒப்பிட வேண்டும். நாத்தனார் விசையைத் தட்டினாள். திரையில் எதுவும் வரவில்லை.

“என்னடி, நின்னு போச்சா?”

“இல்ல அண்ணி.” நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “வித்தியாசம் இருந்தாத்தான் பேசும். ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் சொல்லாது.”

சரியாக ஒரு மணிக்கு அதிகாரி வந்தார். கையில் பாலைக் கொட்டுவதற்கான படிவம், பாதி நிரப்பியது. பால்காரம்மா நர்ஸ் கதையைச் சொன்னாள், நாத்தனார் கட்டளையைக் காட்டினாள். அவர் பாதியில் குறுக்கிடவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எல்லாம் சரிம்மா. ஆனா ஃபைலைப் பாத்துட்டுத்தானே அறுநூத்து ஒண்ணுன்னு போட்டீங்க? சட்டைக்கு ஏத்த மாதிரி ஆளை வெட்டின மாதிரி இல்ல இருக்கு?”

“இல்ல சார்,” என்றாள் நாத்தனார். “மெஷினோட அமைப்புலயே ஒரு விநாடின்னு இருக்கு. அதை எடுத்துத்தான் போட்டேன். அந்த ஒரே எட்டுக் கணக்கு முப்பது நாளுக்கும் பொருந்துது. பதினேழாம் தேதி ஒரு நிமிஷம் அது நின்னிருந்தாக்கூட, அதுக்கப்புறம் வந்த பேரெல்லாம் தள்ளிப் போயிருக்கும். ஒண்ணுகூடத் தள்ளல.”

அதிகாரி யோசித்தார். “கோப்புகளுக்கு ஒரு நகல் எடுங்க. நகல்ல நான் கொஞ்சம் கை வைக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.”

அண்ணியும் நாத்தனாரும் கண்ணாமூச்சி ஆடும் குழந்தைகள்போல சுவரைப் பார்த்து நின்றார்கள். “இந்த வயசுல என்னை மூலைல நிக்க வச்சுட்டியே,” என்று பால்காரம்மா முணுமுணுத்தாள். “பேசாதீங்க அண்ணி, சிரிப்பு வருது,” என்றாள் நாத்தனார்.

“இப்ப ஓட்டுங்க,” என்றார் அதிகாரி.

திரையில் நான்கு வரிகள் வந்தன. மூன்று, இருபத்திரண்டாம் தேதி அதிகாலையில் அடுத்தடுத்து. ஒன்று, ஒன்பதாம் தேதி மத்தியானம். அதிகாரி கைக்குள் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளைப் பிரித்து, அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எடுத்து ஒளித்தது அந்த நான்கைத்தான், நான்கை மட்டும்தான். மூன்று மடிப்பாக இருந்த நெற்றி ஒவ்வொரு மடிப்பாக விரிந்தது.

“அடேயப்பா,” என்றார். “இது எத்தனை பேரு வேலை!”

“ஒரே வரி சார்,” என்றாள் நாத்தனார்.

அவர் படிவத்தை இரண்டாகக் கிழித்தார். சிவப்பு டேப்பைத் தன் கையாலேயே உரித்தார். பதிவேட்டில், ‘அளவுகளுக்கு இடையே மிக நீண்ட இடைவெளி பத்து நிமிடம் ஒரு விநாடி’ என்று நிதானமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே, ‘இனி ஆரம்பித்ததிலிருந்து எண்ணும்படி வெப்பமானியின் அமைப்பை மாற்றுக’ என்று ஒரு வரி சேர்த்தார். போகிறபோது, “ரத்த வங்கிலயும் இதே மெஷின்தாம்மா. அங்கயும் ஒரு தடவை...” என்று இழுத்தார்.

“நாளைக்குக் காலைல வர்றேன் சார்,” என்றாள் நாத்தனார்.

மணி ஒன்று இருபது. பால்காரம்மா அதற்குள் கையுறை மாட்டிக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்திருந்தாள். வெண்புகை முகத்தில் மோதியது. பதினொரு புட்டிகளை எண்ணி எடுத்து, தேதிச் சீட்டுகளைச் சத்தமாகப் படித்து, உருக்கும் தட்டில் வரிசையாக நிறுத்தினாள். நாத்தனார் கேட்காமலே பட்டியலில் குறித்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்தது அந்தக் குடும்பத்தில் அதுதான் முதல் தடவை என்று சொல்ல வேண்டும். இதற்கு முன் சேர்ந்து செய்ததெல்லாம் நாத்தனாருடைய அண்ணனைக் குறை சொன்னது மட்டும்தான்.

மூன்றே காலுக்கு மாடியிலிருந்து போன் வந்தது. “எல்லாரும் குடிச்சாச்சு. அந்த எழுநூத்தம்பது கிராம் பொண்ணுதான் கொஞ்சம் அடம். அவளும் முடிச்சுட்டா.”

பால்காரம்மா போனை வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பினாள். “ஏண்டி, அந்த வரிசைக்காரனை எழுதின ஆளு யாருன்னு தெரியுமா?”

“பேரு தெரியாது. உதவிப் பக்கத்துல கடைசி வரியில ஒரு மின்னஞ்சல் இருக்கு. பிழை இருந்தா எழுதுங்கன்னு போட்டிருக்கான்.”

“பிழை இருந்தாத்தான் எழுதணுமா? நல்லா இருந்தா எழுதக்கூடாதா? எழுது.”

நாத்தனார் எழுத உட்கார்ந்தாள். தொடக்கத்திலிருந்து கணக்கிடும் நேர்த்தி, கட்டளையின் சுருக்கம், எந்த வடிவத்தில் கேட்டாலும் அப்படியே எழுதித் தரும் பணிவு என்று பத்து வரிக்கு நீட்டிவிட்டாள். பால்காரம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“இதெல்லாம் அவருக்குத் தெரிஞ்சதுதானே? அவரே பண்ணினது. அவருக்குத் தெரியாததை எழுது.”

“என்ன எழுதட்டும்?”

“இன்னைக்கு மூணு மணிக்குப் பதினொரு குழந்தைங்க தாய்ப்பால் குடிச்சாங்கன்னு எழுது. அடியில உன் பேரு போட்டுக்கோ.”

நாத்தனார் பத்து வரியையும் அழித்துவிட்டு அந்த ஒரு வரியை எழுதினாள். அனுப்பும் முன் அடியில் இரண்டு பேருடைய பெயரையும் சேர்த்தாள்.